சமூகப்பணிப் படிப்பு: வன்னியிலிருந்து ஒரு பாடம்

"சமூகப்பணி படிக்கப் போறேன்" என்று பிள்ளை சொன்னால் லயத்திலே என்ன சொல்வோம்? "ஊருக்கு ஒத்தாசை பண்ண நாலு வருசம் படிக்கணுமா?" என்று கேட்போம். நியாயமான கேள்விதான். இந்த முறை அதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

உதாரணத்துக்கு வன்னிக்குப் போவோம். அங்கே இருப்பதிலும் நம்ம சனம் நிறைய. 1958, 1977 கலவரங்களில் தோட்டங்களை விட்டு ஓடினவர்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினார்கள். 1977க்குப் பிறகு பல குடும்பங்களைக் காந்தீயம் இயக்கம் அங்கே அமர்த்தியது. கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற இடங்களில் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். யுத்தத்தின் கடைசியில் வன்னிச் சனம் எல்லாரோடும் சேர்ந்து இவர்களும் இடம்பெயர்ந்தார்கள். 2009இல் லட்சக்கணக்கானோரை அடைத்து வைத்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம், 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது.

அப்படித் திரும்பிப் போன ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். மகனைக் காணோம். அவன் பெயரில் உள்ள காணி, வங்கிப் பணம் எதைக் கேட்டாலும் மரணச் சான்றிதழ் வேண்டுமென்கிறார்கள். "என் மகன் செத்துட்டான்னு நானே எழுதிக் குடுக்கணுமா?" என்கிறாள் தாய்.

இரக்கமுள்ள ஒருவர், "அம்மா, கையெழுத்தைப் போடுங்க, காசாவது வரும்" என்பார். நல்ல மனசுதான். ஆனால் படித்த சமூகப் பணியாளர் அப்படிச் சொல்லக் கூடாது. முதலில் அவள் சொல்வதை முழுக்கக் கேட்க வேண்டும். பிறகு சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 2016இல் வந்த திருத்தத்தின்படி, இறந்தார் என்று எழுதாமல், ஆளைக் காணவில்லை என்று மட்டும் பதியும் சான்றிதழும் உண்டு. அதை விளக்கலாம். எதை எடுப்பது, எதையுமே எடுக்காமல் இருப்பதா என்பது தாயின் முடிவு. அவள் வேண்டாமென்றால் கோபித்துக்கொண்டு போய்விடாமல் அடுத்த கிழமையும் போய்ப் பார்ப்பதுதான் வேலை.

இதைப் புத்தகத்தில் மட்டும் படிக்க முடியாது. அதனால்தான் இந்தப் பட்டப்படிப்பில் களப்பயிற்சிக்கு அவ்வளவு இடம். தனி ஆளோடு, குழுவோடு, ஊரோடு என்று மூன்று விதமாகவும் வேலை செய்து பழக வேண்டும். உளவியல், சட்டம், ஆலோசனை வழங்கல், ஆய்வு என்பவையும் உண்டு. பார்த்ததையும் கேட்டதையும் அன்றன்றைக்கு எழுதி மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும். வெளியே யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. ஒரு காம்பராவில் பேசினது பத்துக் காம்பராவுக்கும் கேட்கிற லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் பாடம் கொஞ்சம் கஷ்டந்தான்!

இலங்கையில் இந்தப் படிப்பு 1952இல் கொழும்பில் தொடங்கியது. சென்னையில் சமூகப்பணிக் கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இப்போது இதை நடத்துவது தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்த நிறுவகம் முன்பு டிப்ளோமா மட்டும் கொடுத்தது. 2005 முதல் சமூகப்பணி இளமாணிப் பட்டமும் உண்டு. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. ஆனால் அது பிரயோக விஞ்ஞானம், வியாபாரம், தொழில்நுட்பம் என்ற பீடங்களோடு வந்தது. ஆகவே இந்தப் பட்டத்துக்கு வன்னிப் பிள்ளையும் நம்ம பிள்ளையும் வீட்டை விட்டுத் தூரம் போகத்தான் வேண்டும்.

உயர்தரம் எழுதின பிள்ளை வீட்டில் இருந்தால், வெட்டுப்புள்ளி கிடைக்கவில்லை என்று உட்கார்ந்துவிட வேண்டாம். நிறுவகம் தனியாக விண்ணப்பம் கோரும்போது போடச் சொல்லுங்கள். வாசிக்க வேண்டிய புத்தகங்களில் ஆங்கிலம் அதிகம், அதை இப்போதே தொடங்கட்டும். தங்குமிடத்தோடு களப்பயிற்சிக்குப் போய்வரும் பஸ் காசையும் கணக்கில் சேருங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

அதற்கு முன் பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள்: அழுகிற ஒருத்தர் முன்னால், புத்தி சொல்லாமல் பத்து நிமிஷம் உட்கார்ந்திருக்க உன்னால் முடியுமா? முடியாதென்றால் குற்றமில்லை, கணக்கியல் படிக்கட்டும்.