கல்லூரி விண்ணப்பமும் எங்கள் கவலைகளும்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வகுப்புத் தோழியர் சார்பில்)

முன்னுரை

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லூரிப் படிப்பு என்று சொல்வது எளிது. ஆனால் பள்ளி வாசலுக்கும் கல்லூரி வாசலுக்கும் நடுவே விண்ணப்பம் என்ற பாலம் ஒன்று உண்டு. அதைக் கடக்கும் கவலை பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார்களுக்கு மட்டுமே உரியது என்று பலரும் எண்ணுகிறார்கள். பத்தாம் வகுப்பில் இருக்கும் எங்களுக்கும் அந்தக் கவலை வந்துவிட்டது. காரணம் இல்லாமல் வரவில்லை. பொதுத் தேர்வு முடிந்து, வரும் ஜூன் மாதம் பதினோராம் வகுப்பில் நாங்கள் எந்தப் பாடப் பிரிவில் சேருகிறோமோ, அதுவே எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம், எதற்கு விண்ணப்பிக்கவே முடியாது என்பதைத் தீர்மானித்து விடுகிறது. ஆகவே விண்ணப்பத்தின் முதல் வரியை நாங்கள் பதினைந்து வயதிலேயே எழுதுகிறோம் எனலாம்.

எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் தம் கவலையை ஒரு தாளில் எழுதினோம். சேர்த்துப் பார்த்தபோது அவை ஐந்தாக அடங்கின. எந்தப் பிரிவை எடுப்பது? மதிப்பெண் போதுமா? விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது? சான்றிதழ்களும் பணமும் கிடைக்குமா? வெளியூருக்கு வீட்டில் அனுப்புவார்களா? இவற்றுக்கு ஆசிரியைகளிடமும் கல்லூரியில் படிக்கும் அக்காமார்களிடமும் கேட்டறிந்தவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

அன்றைய நிலை

நமக்கு முன்னே நடந்தவர்களை முதலில் நினைத்துப் பார்ப்போம். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, மகாராஜா கல்லூரியில் சேர விரும்பியபோது அங்கே பெண் ஒருத்தியும் இல்லை. ஒரு பெண் வந்தால் மாணவர்கள் கெட்டுப் போவார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் சிறப்பு அனுமதியால்தான் அவருக்கு இடம் கிடைத்தது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் மருத்துவரானார். பின்னாளில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை 1954-இல் நிறுவியவரும் அவரே. அதுபோலவே பதினெட்டு வயதில் கைக்குழந்தையுடன் விதவையான லலிதா, 1940-இல் கிண்டி பொறியியற் கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய பட்டச் சான்றிதழில் ஆணைக் குறிக்கும் சொல்லே அச்சாகியிருந்ததால், அதை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லை எழுதிக் கொடுத்தார்களாம்! அச்சடித்த தாளில்கூடப் பெண்ணுக்கு இடம் இல்லாத காலம் அது.

நம் தென் மாவட்டங்களில் பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரி 1895-இலேயே பெண்களுக்காகத் தோன்றியது. மதுரையில் லேடி டோக் கல்லூரி 1948-இலும், பாத்திமா கல்லூரி 1953-இலும் வந்தன. விருதுநகரில் வே.வ.வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி 1962-இல் பிறந்தது. எங்கள் பாட்டிமார் காலத்தில் பதினொரு வகுப்பு முடிந்ததும் புகுமுக வகுப்புக்குக் கல்லூரிக்கே போக வேண்டும். உள்ளூரில் கல்லூரி இல்லாத பெண்களுக்குப் படிப்பு அத்தோடு நின்றது. 1978-இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கே வந்ததால், பெண் பிள்ளைகள் இன்னும் இரண்டு ஆண்டுகள் சொந்த ஊரிலேயே படிக்க வழி பிறந்தது. அந்த இரண்டு ஆண்டுகளின் அருமையை நாங்கள் உணர வேண்டும்.

எந்தப் பிரிவை எடுப்பது?

கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் கொண்ட பிரிவு பொறியியல், மருத்துவம் ஆகிய இரண்டுக்கும் வழி விடுகிறது. ஆனால் சுமை அதிகம். கணிதம் இல்லாமல் தாவரவியல், விலங்கியல் படிப்பவர்கள் மருத்துவம், செவிலியம், வேளாண்மை, கால்நடை மருத்துவம் ஆகியவற்றை நாடலாம். வணிகவியல், கணக்குப்பதிவியல் படிப்பவர்கள் பி.காம்., பட்டயக் கணக்கர் போன்றவற்றுக்குப் போகலாம். வரலாறு, பொருளியல் படிப்பவர்களைக் "கலைப் பிரிவுதானே" என்று சிலர் குறைவாகப் பேசுகிறார்கள். அது தவறு. ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கு எந்தப் பிரிவு மாணவியும் விண்ணப்பிக்கலாம். அரசுப் பணித் தேர்வுகளில் அதிகம் உதவுவதும் வரலாறும் பொருளியலுமே.

மதிப்பெண் அதிகம் வாங்கியவள் அறிவியல், குறைவாக வாங்கியவள் வணிகவியல் என்று பங்கிடுவது ஊர் வழக்கம். தோழி எடுத்தாள் என்பதற்காக எடுப்பதும் உண்டு. "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்ற பழமொழி இங்கே பொருந்தும். எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் கட்டாயம் என்பதை முதலில் கேட்டறிந்து, பிறகு பிரிவைத் தேர்ந்தெடுப்பதே முறை.

மதிப்பெண் கணக்கு

"கட்-ஆப்" என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்குப் பயம். கணக்கைப் பார்த்தால் அது எளிதே. பொறியியலுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணித மதிப்பெண்ணை அப்படியே 100-க்கு எடுத்துக்கொண்டு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைப் பாதி பாதியாகச் சேர்ப்பார்கள். மொத்தம் 200. ஒரு மாணவி கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 பெற்றால், 92-உடன் 42-ம் 44-ம் சேர்ந்து 178 ஆகும். கணிதத்தில் கூடுதலாக வாங்கும் ஒரு மதிப்பெண், இயற்பியலில் வாங்கும் இரண்டுக்குச் சமம் என்பது இதிலிருந்து விளங்கும்.

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு 1984 முதல் இருந்துவந்த மாநில நுழைவுத் தேர்வு, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. எம்.பி.பி.எஸ். படிப்புக்கு 2017 முதல் நீட் தேர்வு நம் மாநிலத்திலும் கட்டாயமானது. அதில் 180 வினாக்கள், 720 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4 கிடைக்கும். தவறான விடைக்கு 1 குறையும். பாதி வினாக்கள் உயிரியலில் இருந்தே வருகின்றன. தமிழிலும் எழுதலாம். பதினோராம் வகுப்புப் பாடங்களும் அதில் உண்டு. ஆகையால் பதினோராம் வகுப்பை ஓய்வெடுக்கும் வகுப்பாக எண்ணக் கூடாது.

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. வேளாண்மை, கால்நடை மருத்துவம், பி.எஸ்சி. செவிலியம் ஆகியவற்றுக்கு நம் மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே தரவரிசை போடுகிறார்கள். உயிரியல் படிப்பவளுக்கு எம்.பி.பி.எஸ். ஒன்றே வழி என்று எண்ணிக் கலங்க வேண்டியதில்லை.

விண்ணப்பத்தை நிரப்புதல்

எல்லாக் கல்லூரிக்கும் ஒரே விண்ணப்பம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அப்படி இல்லை என்று ஆசிரியை விளக்கினார். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழுள்ள பொறியியற் கல்லூரிகளுக்கு ஒரே கலந்தாய்வு. 2018 முதல் அது கணினி வழியே நடக்கிறது. இராஜபாளையத்தில் உள்ள ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரிக்கும் சிவகாசி மெப்கோ கல்லூரிக்கும் அவ்வழியே இடம் பெறலாம். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பித்துப் பல கல்லூரிகளைக் குறிப்பிடலாம். இராஜபாளையம் ராஜூக்கள் கல்லூரி, ஏ.கே.டி. தர்மராஜா பெண்கள் கல்லூரி போன்றவற்றுக்கு அந்தந்தக் கல்லூரியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். ஊர் ஒன்றே, வழிகள் வேறு. எதன் கடைசி நாள் எது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது.

பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் கொடுப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்களாம். "பெரிய கல்லூரியை முதலில் போட்டுக் கிடைக்காவிட்டால், இருப்பதும் போய்விடுமோ?" என்பது அவர்கள் பயம். அந்தப் பயம் தேவையில்லை. தரவரிசைப்படி ஒரு மாணவியின் முறை வரும்போது, அவள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தைத் தருகிறார்கள். மேலே உள்ளது நிரம்பியிருந்தால் அடுத்ததைப் பார்ப்பார்கள். ஆகவே உண்மையில் மிகவும் விரும்பும் கல்லூரியையே முதலில் எழுத வேண்டும். எத்தனை விருப்பங்களையும் கொடுக்கலாம் என்பதால் பட்டியல் நீளமாக இருப்பதே பாதுகாப்பு.

இக்கவலை நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் ஒரே விண்ணப்பத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் கேட்க முடியாது. அமெரிக்காவில் பல கல்லூரிகள் மாணவர் தம்மைப் பற்றி எழுதும் கட்டுரையையும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தையும் கேட்கின்றன. எங்கும் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு இந்தப் படபடப்பு இருக்கத்தான் செய்கிறது.

சான்றிதழ்களும் பணமும்

இடங்கள் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டின்படி நிரப்பப்படுவதால் சாதிச் சான்றிதழ் முக்கியம். அதனுடன் வருமானச் சான்றிதழும், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப் படிப்புக்குப் போகிறவர் என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழும் தேவைப்படும். தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் எவரும் பட்டதாரியாக இல்லாதிருந்தால் அச்சான்றிதழ் கிடைக்கும். தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகையும் உண்டு. இவற்றை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து, வட்டாட்சியரிடம் பெற வேண்டும். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டிலும் வட்டாட்சியர் அலுவலகம் உள்ளது. தேர்வு முடிவு வந்த பின் கூட்டத்தில் நிற்பதைவிட முன்கூட்டியே வாங்கி வைப்பது மேல்.

பத்தாம் வகுப்பு மாணவியர் இப்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்றும் உண்டு. எல்லாச் சான்றிதழுக்கும் அடிப்படை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழே. பெயரின் எழுத்து, தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவை அதில் ஒருவிதமாகவும் ஆதாரில் வேறுவிதமாகவும் இருந்தால், பின்னர் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் தடை வரும். ஆகவே தேர்வுப் பெயர்ப்பட்டியலைக் காட்டி ஆசிரியை கையெழுத்துக் கேட்கும்போது அவசரப்படாமல் எழுத்தெழுத்தாகப் பாருங்கள், தோழியரே!

எங்கள் பெற்றோரில் பலர் நூற்பாலையிலும், சத்திரப்பட்டிப் பக்கம் மருத்துவத் துணி நெசவிலும், சிறு கடைகளிலும் உழைப்பவர்கள். கட்டணம் என்ற சொல் அவர்களை எவ்வளவு வாட்டும் என்பதை நாங்கள் அறிவோம். 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருவதாக அமைந்தது. 2024 இறுதியில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்ற பெண்களுக்கும் அது விரிந்தது. வங்கிக் கல்விக் கடனில் ஏழரை லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை என்பதும் பலர் அறியாதது. ஆயினும் கடன் கடன்தான். திருப்பிக் கொடுக்க வேண்டியதை எண்ணியே வாங்க வேண்டும்.

வீட்டில் அனுப்புவார்களா?

எங்கள் தாள்களில் அதிகம் பேர் எழுதியிருந்த கவலை இதுவே. இதற்குப் புத்தகத்தில் விடை இல்லை.

எங்கள் தோழி ஒருத்திக்குக் கால்நடை மருத்துவராக ஆசை. இராஜபாளையம் நாய் இனத்தை அறியாதவர் யார்? 2005-இல் இந்திய அஞ்சல் துறை அதற்குத் தபால்தலையே வெளியிட்டது. அந்த ஊரில் பிறந்தவளுக்கு அப்படி ஓர் ஆசை வந்ததில் வியப்பில்லை. வகுப்பில் முதல் மூன்று இடங்களுள் ஒன்று எப்போதும் அவளுடையது. ஆனால் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் திருநெல்வேலிக்காவது போக வேண்டும். ஐந்தரை ஆண்டுகள் விடுதியில் தங்க வேண்டும். அவள் அப்பா, "உள்ளூர்ல பி.காம். படிக்கட்டும், சாயந்தரம் வீட்டுக்கு வந்துரலாம்ல" என்கிறார். அப்படியானால் உயிரியல் பிரிவே வேண்டாம் என்றாகிவிடும். அவள் அம்மாவோ, "மொதல்ல மார்க்க எடு தாயி, அப்பாட்ட நான் பேசுறேன்" என்று சொல்லியிருக்கிறார். முடிவு இன்னும் தெரியவில்லை. ஜூன் மாதத்துக்குள் தெரிந்தாக வேண்டும்.

பெற்றோரின் பயத்தை நாங்கள் குறை கூறவில்லை. அது எங்கள் மேல் உள்ள அன்பினால் வருவது. உள்ளூர்க் கல்லூரியில் படிப்பதும் தாழ்வன்று. வேண்டிய பாடம் அங்கே இருந்தால் அதைவிட நன்மை வேறில்லை. தொலைவு என்ற ஒரே காரணத்தால் ஒரு படிப்பை மறுக்கும் முன், எங்களுக்காக மூன்று காரியங்கள் செய்யுமாறு பெற்றோரை வேண்டுகிறோம். பாடப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு முறை பள்ளிக்கு வந்து ஆசிரியைகளிடமும் அருட்சகோதரிகளிடமும் கலந்து பேசுங்கள். வெளியூர்க் கல்லூரியையும் அதன் விடுதியையும் ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். மதுரைக்கும் சிவகாசிக்கும் விருதுநகருக்கும் நம் ஊரிலிருந்து ரயிலும் பேருந்தும் இருக்கின்றன. மூன்றாவதாக, முடிவு எதுவானாலும் அதன் காரணத்தை எங்களிடம் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் எங்களால் தாங்கிக்கொள்ள முடியும்.

முடிவுரை

படிப்பைப் பாதியில் விட நேர்ந்த காமராசர், நாட்டுப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். அவர் பிறந்த மாவட்டத்துப் பிள்ளைகள் நாங்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பெற்றது நமக்குப் பெருமை. தேர்ச்சி பெற்ற அத்தனை பெண்களும் தாம் விரும்பிய வாசலில் நுழைந்தார்களா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கவலை ஒன்றையே கட்டி அழுதால் அது வளரும். கூறு கூறாகப் பிரித்துப் பார்த்தால் பாதி வேலையாக மாறிவிடும். பெயரைச் சரிபார்ப்பது, சான்றிதழ் வாங்குவது, பிரிவைக் கேட்டறிவது, கடைசி நாளைக் குறித்து வைப்பது எல்லாம் எங்கள் கையில் உள்ள வேலைகள். அவற்றைச் செய்து முடிப்போம். மீதிப் பாதிக்குப் பெற்றோரின் துணையும் ஆசிரியைகளின் வழிகாட்டலும் வேண்டும். அதைப் பணிவுடன் கேட்கிறோம்.