ஊர் மாறலாம், ருசி மாறக் கூடாது!



உள்ளூரில் நல்லா ஓடுற வியாபாரத்தை வெளியூருக்கு எப்படிக் கொண்டு போவது? 'லிஜ்ஜத்' அப்பளம் இதற்கு நல்ல பாடம்.

1959 மார்ச் 15 அன்று பம்பாயில் 7 பெண்கள், 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் இட்டார்கள். முதல் நாள் 4 பாக்கெட்தான்! 1968-இல் குஜராத்தில் வாலோட் என்ற ஊரில் கிளை திறந்தார்கள். இன்று சுமார் 45 ஆயிரம் பெண்கள் உழைக்கிறார்கள். வெளிநாட்டுக்கும் அப்பளம் போகிறது.

எப்படி முடிஞ்சது?

1. உளுந்து, மிளகு, பெருங்காயம் மொத்தமாக வாங்கி எல்லாக் கிளைக்கும் அனுப்புவார்கள். அதனால எங்கேயும் ஒரே ருசி.

2. மாவு பிசைவது கிளையில். அப்பளம் இடுவது அந்தந்த ஊர்ப் பெண்கள், தங்கள் வீட்டில்.

3. இட்ட அப்பளத்தைச் சோதித்த பிறகே பாக்கெட் போடுவார்கள்.

4. உழைக்கிற எல்லாரும் பங்குதாரர்கள். லாபத்திலும் பங்கு உண்டு.

எங்கம்மா மகளிர் குழுவில் முறுக்கு சுடுறாங்க. டவுன் கடையில கேட்டும், "ஆளுக்கொரு ருசியா இருந்தா பேரு கெட்டுடும்"னு தயங்கினாங்க. இதைப் படிச்சுக் காட்டினேன். இனிமே மாவும் உப்பும் ஒரே இடத்தில் அளந்து குடுக்கப் போறாங்க. டவுன் கடைக்கும் சரின்னு சொல்லியாச்சு!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி