சாரலில் வண்டி நின்றால்

ஆனி பிறந்து செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கத் தொடங்கிவிட்டால், குற்றாலத்து ஐந்தருவிச் சாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கலாம். காலையில் கோவில்பட்டியிலிருந்தோ மதுரையிலிருந்தோ ஒரு குறையும் இல்லாமல் ஓடி வந்த வண்டியாக இருக்கும். அருவிக்கரையில் மூன்று மணி நேரம் நின்றிருக்கும். கிளம்பும்போது உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்ததுதான் மிச்சம். கூட வந்த குழந்தைகள் ஈரத் துணியோடு நடுங்கிக்கொண்டு நிற்கும். அந்த அவசரத்தில் புதுப் பிளக், புதுக் காயில் என்று வாங்கிப் போடுகிறார்கள். பல நேரம் இவை எதுவுமே கெட்டிருக்காது. காய்ந்த துணி ஒன்று இருந்திருந்தால் போதும்.

பெருமழை வேறு, சாரல் வேறு. பெருமழை மேலிருந்து விழுந்து அழுக்கைக் கழுவிக்கொண்டு போய்விடும். சாரலைக் காற்று பக்கவாட்டில் அடித்து, கீழிருந்தும் ஏற்றும். கண்ணுக்குத் தெரியாத திவலையாக ஒயர்மேல் படிந்து, சாலைப் புழுதியோடு சேர்ந்து மெல்லிய சேற்றுப் படலமாகிவிடும். பிளக்குக்குப் போகும் மின்சாரம் 10,000 வோல்ட்டுக்கு மேற்பட்டது. அவ்வளவு அழுத்தத்தில் வரும் மின்சாரத்துக்கு இந்த ஈரப் படலமே பாதையாகிவிடுகிறது. பிளக்கின் முனையில் குதிக்க வேண்டிய பொறி, கேப்பின் வெளிப்புறமாக ஊர்ந்து இன்ஜின் உடம்பில் இறங்கிவிடும். வண்டி கிளம்பாததற்குக் காரணம் இவ்வளவுதான்.

என் சிறு வயதில் தென்காசியில் எங்கள் தெருமுனையில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி இருந்தார். யார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, பிளக்க மாத்துறதுக்கு முந்தி, பிளக்குக்கு மேல கெடக்க தண்ணியப் பாருங்க." இந்தக் கட்டுரையின் அடித்தளம் அந்த ஒரு வரி.

செய்ய வேண்டியவை

முதலில் வண்டியைச் சாலையை விட்டு இறக்குங்கள். புளியரை எஸ் வளைவில் நின்றுபோனால் அங்கேயே குனிந்து பிளக்கைத் தேடக் கூடாது. கேரளத்துக்குப் போகும் லாரிகளுக்கு மஞ்சு மூடிய வளைவில் உங்களைத் தெரியாது. அகலமான ஓரம் கிடைக்கும் வரை தள்ளிக்கொண்டு போய், அதற்குப் பிறகு கை வையுங்கள்.

கில் சுவிட்சைப் பாருங்கள். புது வண்டிகளில் பலவற்றில் சைடு ஸ்டாண்டு போட்டிருந்தாலும் இன்ஜின் ஓடாது. அதையும் பாருங்கள்.

அடுத்து, எதையும் கழற்றாமல் துடையுங்கள். பிளக் கேப், அதிலிருந்து காயிலுக்குப் போகும் தடித்த ஒயர், காயிலின் வாய், இந்த மூன்றையும் காய்ந்த பருத்தித் துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். பிறகு கேப்பைக் கழற்றி உள்பக்கத்தையும் துடையுங்கள். பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கலாம். சில வண்டிகளில் அந்தக் குழிக்கு வடிகால் துளை உண்டு. முன்சக்கரம் அள்ளி எறியும் சேறு அதை அடைத்துவிடும். ஈர்க்குச்சியால் குத்தினாலே திறந்துகொள்ளும். பஞ்சர் கடையில் காற்று பிடிக்கும்போது அந்தக் குழிக்குள்ளும் ஒருமுறை அடித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இருட்டின பிறகு வண்டி மிஸ்ஸிங் அடித்தால் அது ஒரு வகையில் வசதி. விளக்கில்லாத இடத்தில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, கை வைக்காமல் ஒயரையும் கேப்பையும் உற்றுப் பாருங்கள். வெடிப்பு இருக்கும் இடத்தில் நீலப் பொறி நூல்போல ஓடுவது தெரியும். எந்தக் கருவியும் இல்லாமல் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி கிடையாது.

துடைத்தும் கிளம்பாவிட்டால் பிளக்கைக் கழற்றி அதன் முகத்தைப் பாருங்கள். காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் இன்ஜின் நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் ஈரமாகி அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் மேலே ஏறுகிறது. வெளுத்திருந்தால் காற்று அதிகம். பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, பொறிதான் வரவில்லை என்று பொருள். முற்றிலும் உலர்ந்திருந்தால் பொறியைத் தேடுவதை நிறுத்திவிட்டு பெட்ரோல் வரும் வழியைத் தேடுங்கள்.

பெட்ரோலில் தண்ணீர் கலந்தாலும் இக்னிஷன் கோளாறு போலவே தோன்றும். டேங்க் மூடியைச் சுற்றிய பள்ளத்தில் விழும் மழைநீர் வெளியேற ஒரு சிறு துளை இருக்கும். அது அடைபட்டால் நீர் உள்ளே இறங்கும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் இரண்டும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். இன்ஜின் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். கார்ப்பரேட்டர் வண்டி என்றால், அடியில் உள்ள ட்ரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். கீழே முத்துமுத்தாக ஏதாவது உருண்டால் அது தண்ணீர்.

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் பாயின்ட் மூடியைத் திறந்து, இரண்டு முனைகளுக்கு நடுவே வெள்ளைக் காகிதத்தை விட்டு இழுத்துப் பாருங்கள். ஈரமும் கருப்பும் காகிதத்தோடு வந்துவிடும். இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பாயின்ட் அடிக்கடி கருகினால் கன்டன்சரைச் சந்தேகியுங்கள்.

செய்யக்கூடாதவை

பொறி வருகிறதா என்று பார்க்கப் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு உதைக்காதீர்கள். ஈரக் கையில் வாங்கும் அடி சாதாரணமானது அல்ல. பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பு இன்ஜினைத் தொடும்படி வைத்துத்தான் பார்க்க வேண்டும். பிளக் கழற்றிய துளையின் பக்கத்தில் வைக்காதீர்கள். உதைக்கும்போது அந்தத் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சி அடிக்கும். பொறி அதில் பட்டால் தீதான்.

கேப்பைத் தொங்கவிட்டபடி செல்ஃப் அடிக்காதீர்கள். இறங்க இடம் கிடைக்காத மின்சாரம் காயிலின் காப்பையோ சி.டி.ஐ. பெட்டியையோ கிழித்துக்கொண்டு போகும். துணியால் தீர வேண்டிய வேலை, ஆயிரக்கணக்கில் செலவு வைப்பது இப்படித்தான்.

சோக்கை இழுத்துவிட்டு விடாமல் உதைக்காதீர்கள். பிளக் பெட்ரோலில் குளித்துவிடும். அப்படி ஆகிவிட்டால் இழுத்த சோக்கைத் திரும்ப உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து சில முறை உதையுங்கள்.

நனைந்த பிளக்கின்மேல் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்துவது சாலையோரத்துப் பழக்கம். வேண்டாம். பீங்கான் விரிசல் விடும், பக்கத்தில் டேங்க் இருக்கிறது. உப்புத்தாளால் தேய்ப்பதும் வேண்டாம். அதன் துகள் இன்ஜினுக்குள் போகும். பித்தளைத் தூரிகையே போதும்.

பிளக்கைத் திரும்ப மாட்டும்போது முதலில் விரலால் சுற்றுங்கள், ஸ்பேனர் பிறகுதான். விரலுக்கு இறுகின பிறகு, புதுப் பிளக்குக்கு ஸ்பேனரால் அரைச் சுற்று, பழையதற்கு அதைவிடக் குறைவு. ஹெட் அலுமினியம், மரை ஒருமுறை போனால் போனதுதான்.

அருவியிலிருந்து வந்த சூட்டோடு இன்ஜின்மேல் வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவாதீர்கள்.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.-6 வண்டிகளில் பெரும்பாலும் கார்ப்பரேட்டர் இல்லை, இன்ஜெக்ஷன்தான். இவற்றுக்கு பேட்டரியே உயிர். சாவியைத் திருப்பியதும் டேங்கிலிருந்து பம்பு ஒரு நொடி முனகும் ஓசை கேட்கிறதா, மீட்டரில் இன்ஜின் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். ஓசை இல்லை என்றால் ஃபியூசையும் பேட்டரி முனையையும் சோதிக்கலாம். அதற்கு மேல் ஒயரைச் சுரண்டி விளையாட வேண்டாம்.

இரண்டு பிளக் வண்டிக்காரர்களுக்கு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2003-இல் பல்சரில் டி.டி.எஸ்.-ஐ என்னும் இரட்டைப் பொறி நுட்பம் வந்தது முதல் ஒரே சிலிண்டரில் இரண்டு பிளக் உள்ள வண்டிகள் நம் ஊரில் பெருகிவிட்டன. இரண்டில் ஒன்று செத்தாலும் வண்டி ஓடும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. மைலேஜ் குறையும், ஏற்றத்தில் இழுவை இருக்காது, காலையில் கிளம்ப அடம்பிடிக்கும். பெட்ரோல் சரியில்லை என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம். மிச்சமிருக்கும் பிளக்கும் சாரலில் நனையும் நாளில்தான் உண்மை தெரியும்.

விமானக்காரர்களுக்கு இது நூற்றாண்டுப் பாடம். பிஸ்டன் இன்ஜின் விமானங்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், அவற்றுக்குப் பொறி மின்சாரம் தர இரண்டு தனித்தனி மேக்னட்டோ. வீட்டிலேயே விமானம் கட்டிப் பறக்கும் வெளிநாட்டு ஆர்வலர்கள் சிலர் மஸ்தாவின் சுழலி இன்ஜினைப் பொருத்துகிறார்கள். அதிலும் ஒரு சுழலிக்கு இரண்டு பிளக். அதன் எரியறை பிறைபோல நீண்டு ஒடுங்கியிருப்பதால், ஒரு முனையில் பற்றிய தீ மறுமுனைக்கு நேரத்துக்குப் போய்ச் சேராது. ஒன்று முந்தியும் இன்னொன்று சற்றுப் பிந்தியும் பொறி விடும். இரண்டின் ஒயரையும் மாற்றி மாட்டினால் இன்ஜின் முரண்டு பிடிக்கும். வாங்கல் எனப்படும் இந்த வகைச் சுழலி இன்ஜின் நம் நாட்டிலும் உருவானது. பெங்களூரு என்.ஏ.எல்., ஏ.டி.இ., அகமதுநகர் வி.ஆர்.டி.இ. ஆகிய அரசு ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து செய்த 55 குதிரைத்திறன் இன்ஜினோடு, நிஷாந்த் ஆளில்லா விமானம் 2009 மார்ச்சில் கோலாரில் பறந்தது.

விமானி ஓடுபாதை ஏறுமுன் ஒரு மேக்னட்டோவை அணைத்து, சுற்று எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார். பிறகு மற்றதை அணைத்துப் பார்ப்பார். கொஞ்சம் குறைந்தால் நலம். நிறையக் குறைந்தால் மிச்சம் இருப்பது பழுது. கொஞ்சமும் குறையாவிட்டால் அதுவும் கெட்ட அறிகுறி: அணைத்ததாக நினைத்தது அணையவில்லை.

இதை நம் வண்டியிலும் செய்யலாம். இன்ஜினை நிறுத்தி, ஒரு கேப்பைக் கழற்றி, அதில் உபரிப் பிளக் ஒன்றை மாட்டி, அது இன்ஜின் உலோகத்தைத் தொடும்படி நழுவாமல் வையுங்கள். இப்போது கிளப்பிக் கேளுங்கள். சத்தம் சற்று மாறி ஓடினால் சிலிண்டரில் உள்ள பிளக் வேலை செய்கிறது. கிளம்பவே இல்லை என்றால் இவ்வளவு நாளும் ஒற்றைப் பிளக்கில் ஓட்டியிருக்கிறீர்கள். அடுத்த பக்கத்துக்கும் இதே சோதனை. பிளக் மாற்றும்போதும் கண்ணுக்கு எளிதில் தெரிகிற ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு வந்துவிடாதீர்கள்.

ஊர் திரும்பியதும் ஈர வண்டியைப் பிளாஸ்டிக் உறையால் மூடாமல் காற்றாட விடுங்கள். கேப்பின் ரப்பர் விளிம்பில் சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவி வைத்தால் அடுத்த சாரலைத் தாங்கும். சீட்டுக்கு அடியில் ஒரு பிளக், ஒரு பிளக் ஸ்பேனர், பாலித்தீன் உறையில் சுற்றிய காய்ந்த துணி, இவை மூன்றும் சீசன் முடியும் வரை இருக்கட்டும்.

ஆரியங்காவு பக்கம் போகிறவர்கள் இரண்டு பிளக் சோதனையைச் செங்கோட்டையிலேயே முடித்துவிடுங்கள். புளியரை தாண்டி ஏற்றம் தொடங்கிவிட்டால் நிறுத்திப் பார்க்க இடம் கிடைப்பது கடினம்.