பாடத்தை இணையத்தில் ஏற்றும் தம்பிக்கு



கிராம சுகாதாரச் செவிலியருக்கு வகுப்பறையில் நடத்திவந்த பாடங்களை இணையவழிக்கு மாற்றும் பொறுப்பு உனக்குக் கிடைத்திருப்பதையும், ஸ்லைடுகளைத் தொகுத்து, விரிவுரையை வீடியோவாக்கி ஏற்றிவிட்டால் காரியம் முடிந்துவிடும் என்று நீ கருதுவதையும் உன் கடிதத்தால் அறிந்தேன். முன்னதில் மகிழ்ச்சி, பின்னதில் எனக்குச் சம்மதமில்லை.

1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தோற்றுவித்த நாள் முதலாக, படிப்பைக் கிராமத்து வாழ்க்கையோடு பிணைக்க வேண்டும் என்னும் லட்சியம் இந்த வட்டாரத்தில் வேரூன்றி வந்திருக்கிறது. அந்த மரபில் வந்த நீ, ஊழியர் இருக்கும் இடத்துக்கே பாடம் போய்ச் சேரும் இந்தச் சாதனத்தை அலட்சியமாகக் கையாளலாகாது.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசல் பற்றிய பாடத்தையே எடுத்துக்கொள். "ஒரு பாக்கெட், ஒரு லிட்டர் நீர், 24 மணி நேரத்துக்குள் உபயோகிக்க" என்று உன் ஸ்லைடில் மூன்றே வரிகள் இருக்கும். வகுப்பிலோ உபாத்தியாயர் ஒரு செவிலியரை முன்னே அழைத்துக் கரைக்கச் சொல்வார். லிட்டர் அளவு தெரியாத வீட்டில் என்ன செய்வாய் என்று கேட்பார். பாக்கெட் முழுவதையும் ஒரு டம்ளர் நீரில் கொட்டிவிடும் தாயிடம், அந்தச் செறிந்த கரைசல் குழந்தைக்குத் தீங்கு செய்யும் என்பதை அவள் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று பேசிக்காட்டச் சொல்வார். பாடம் என்பது அந்த மூன்று வரிகளுக்கு நடுவே நிகழ்ந்த இந்த வினாவும் விடையும் திருத்தமுமே. ஸ்லைடை மட்டும் ஏற்றுகிறவன் பாடத்தை வகுப்பறையிலேயே விட்டுவிட்டு வருகிறான்.

ஆகவே வினாவை முதலில் வை. "டம்ளரில் கரைத்துவிட்டாள், இப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டு, செவிலியர்கள் பதில் எழுதிய பிறகே விளக்கத்தைத் திற. தம் வீட்டுப் பாத்திரத்தில் லிட்டரை அளந்து கரைப்பதைக் கைப்பேசியில் படம்பிடித்து அனுப்பச் சொல். மறுநாளே பார்த்துப் பதில் எழுத ஓர் ஆளை நியமி. பதில் சொல்ல ஆளில்லாத பாடம் அரசாங்கச் சுற்றறிக்கைக்குச் சமானம். (சுற்றறிக்கையாவது கையெழுத்துப் போட்டுத் திருப்பப்படுகிறது!)

வீடியோவின் நீளம் பற்றியும் கேட்டிருந்தாய். எட்எக்ஸ் என்னும் இணையவழிக் கல்வித் தளத்தின் பாட வீடியோக்களை மாணவர் பார்த்த 69 லட்சம் தடவைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு, ஆறு நிமிஷத்துக்குட்பட்ட வீடியோக்களிலேயே கவனம் நிலைக்கிறது என்று கண்டது. ஒரு மணி நேர விரிவுரையைப் பத்தாக வெட்டிவிடலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளாதே. ஒவ்வொரு துண்டும் ஒரு சந்தேகத்தைத் தீர்த்து ஓர் அப்பியாசத்தில் முடிய வேண்டும். சிறுமலை, பன்றிமலைப் பக்கத்து மலையூர் ஊழியர்களுக்காக, சிக்னல் உள்ள இடத்தில் இறக்கிவைத்துப் பிறகு பார்க்கும் வசதியைச் செய்து, வீடியோவின் சாரத்தை ஒலிப்பதிவாகவும் கொடு.

பரீட்சையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மனப்பாடத்தைச் சோதிக்கும் பத்துக் கேள்விகளால் பிரயோஜனமில்லை.

எல்லாப் பாடங்களையும் ஒரே மூச்சில் மாற்ற முற்படாதே. இந்த ஓ.ஆர்.எஸ். பாடத்தை மட்டும் தயாரித்து, வத்தலகுண்டிலோ நத்தத்திலோ பணிபுரியும் ஒரு செவிலியரின் கைப்பேசியில், அவர் பக்கத்தில் மௌனமாக அமர்ந்து ஓடவிட்டுப் பார். அவர் தடுமாறும் இடங்களைக் குறித்து எனக்கு எழுது. அடுத்த பாடத்தை அதன் பிறகு தொடங்கலாம்.