26 முறையில் ஒரே ஒரு ஹிட்: எஸ்.ஐ.பி-யை நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரு பேஸ்பால் கணக்கு

"ஆறு மாசமா என் ஃபண்ட் ஏறவே இல்லை, எஸ்.ஐ.பி-யை நிறுத்திடலாமா?" இந்தக் கேள்வி அடிக்கடி வருது. பதிலுக்கு முன்னாடி, 1951-ல அமெரிக்காவில் ஒரு இளம் பேஸ்பால் வீரர் பட்ட பாட்டைப் பார்த்துடலாம்.

வில்லி மேஸ், வயசு 20. மினியாபோலிஸ் அணிக்காக மைனர் லீகில் 149 முறை பேட் பிடிச்சு 71 ஹிட் அடிச்சிருந்தார். பேஸ்பால்ல 100 முறைக்கு 30 ஹிட் வந்தாலே நல்ல பேட்டர். இவருக்குக் கிட்டத்தட்ட 48. மே மாசக் கடைசியில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அவரைப் பெரிய லீகுக்குக் கூப்பிட்டது.

முதல் 12 முறையும் பூஜ்யம். அப்புறம் வாரன் ஸ்பான் பந்தில் ஒரு ஹோம் ரன். அப்பாடான்னு பார்த்தா மறுபடியும் வறட்சி. முதல் 26 முறையில் மொத்தமே ஒரு ஹிட்! மனசு உடைஞ்சு அழுத மேஸ், தன்னைத் திருப்பி அனுப்பிடச் சொன்னார். மேனேஜர் லியோ டுரோச்சர் மறுத்துட்டார். தான் மேனேஜரா இருக்கிற வரைக்கும் மேஸ்தான் சென்டர் ஃபீல்டர்னு உறுதியா சொல்லிட்டார்.

கணக்கு என்ன சொல்லுது?

100-க்கு 30 ஹிட் அடிக்கிற ஒருத்தர், தொடர்ந்து 10 முறை பூஜ்யம் ஆக வாய்ப்பு எவ்வளவு? 0.7-ஐ பத்து தடவை பெருக்குங்க. சுமார் 3% வரும். ரொம்பக் குறைவுதான். ஆனா ஒரு சீசனில் 500 முறை ஆடினா, பத்துப் பத்தா 50 கட்டம். அதில் ஒண்ணு ரெண்டு கட்டம் முழுப் பூஜ்யமா இருக்கிறது சகஜம். திறமை குறையாமலே இது நடக்கும். மேஸோட சறுக்கல் இதைவிட மோசம்தான். ஆனாலும் 149 முறைக்கான பதிவை 26 முறை அழிச்சிடாது.

அப்போ கண்ணை மூடிக்கிட்டுப் பொறுக்கணுமா?

இல்லை. மேஸ் ஜெயிச்சதால அவர் கதை நமக்குத் தெரியுது. மீளாமலே போன பேட்டர்கள் எத்தனையோ பேர். அவங்க பெயர் யாருக்கும் தெரியாது. டுரோச்சர் கையில் ஆதாரம் இருந்தது: பழைய பதிவு, கூடவே பேட் ஓடாத நாளிலும் குறையாத ஃபீல்டிங்.

உங்க ஃபண்டுக்கும் அப்படிப் பாருங்க:

1. அதே வகை ஃபண்டுகளும் பெஞ்ச்மார்க்கும் சேர்ந்தே இறங்கியிருக்கா? அப்போ அது சந்தையோட சறுக்கல், உங்க ஃபண்டோடது இல்லை.
2. ஃபண்ட் மேனேஜரோ முதலீட்டு முறையோ மாறியிருக்கா? மாறியிருந்தா பழைய பதிவு உங்களுக்கு உதவாது.
3. அஞ்சு, ஏழு வருஷக் கணக்கிலும் பெஞ்ச்மார்க்குக்குக் கீழேயேதான் இருக்கா? அப்போ வெளியேறுவதை யோசிக்கலாம்.
4. அந்தப் பணம் ரெண்டு வருஷத்தில் தேவைப்படுமா? அப்போ அது ஈக்விட்டியிலேயே இருக்கக் கூடாது.

அந்த வருஷம் மேஸ் 464 முறை ஆடி 127 ஹிட், 20 ஹோம் ரன் அடிச்சார். சிறந்த புதுமுக வீரர் விருதும் வாங்கினார். முதல் 26-ஐ மட்டும் கழிச்சுப் பாருங்க: 438-க்கு 126, அதாவது 100-க்கு சுமார் 29. பின்னாளில் அவரோட மொத்த ஹோம் ரன் 660.

எஸ்.ஐ.பி-யை நிறுத்தும் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கோங்க: நான் பார்க்கிறது 26 முறையா, 464 முறையா?