தக்க நேரத்தில் சுழலும் விசிறி

நுழையும்முன்

ஒரு வண்டியின் எஞ்சினை மாற்றிப் பொருத்துவது பெரும்பணி. அப்பெரும்பணியின் வெற்றி, கட்டைவிரல் அளவேயுள்ள ஒரு சுவிட்சைச் சார்ந்திருப்பதும் உண்டு. அச்சுவிட்சு வெப்பத்தை எவ்வாறு அறிகிறது, வலிய விசிறியை எவ்வாறு இயக்குகிறது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

பழைய வண்டியும் புதிய எஞ்சினும்

இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய மகிழுந்து அம்பாசிடர். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் உருவான அவ்வண்டியின் உற்பத்தி 2014 ஆம் ஆண்டில் நின்றது. பழகிய வண்டியைக் கைவிட மனமில்லாதோர், தேய்ந்த எஞ்சினை அகற்றிவிட்டு வேறொரு வண்டியின் எஞ்சினை அதில் பொருத்துவதுண்டு. இவ்வாறு மாற்றுவதற்குப் பதிவு அலுவலரின் ஒப்புதல் பெறுதல் வேண்டும்.

பழைய அம்பாசிடரின் விசிறி தண்ணீர் பம்பின் அச்சோடு இணைந்திருந்தது. எஞ்சின் ஓடும்போதெல்லாம் வார்ப்பட்டையின் வழியாக விசிறியும் சுழன்றது. பிற்கால எஞ்சின்கள் பலவற்றிலோ, விசிறி தனி மின்மோட்டாரால் சுழல்கிறது. அத்தகைய எஞ்சின் இடம்பெயரும்போது, விசிறிக்கு ஆணையிட்ட மின்கம்பிகள் மூல வண்டியிலேயே தங்கிவிடுகின்றன. எஞ்சின் வந்துவிட்டது, அதனைக் காக்கும் அறிவு வரவில்லை. அந்த அறிவைப் புதிதாக அமைத்துத் தருவதே வெப்பநிலைச் சுவிட்சின் பணி.

வெப்பம் தரும் கேடு

பெட்ரோல் எரிந்து வெளிப்படும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் சக்கரத்தை உருட்டப் பயன்படுகிறது. எஞ்சியதன் பெரும்பகுதி புகையோடும் குளிர்விப்பு நீரோடும் வெப்பமாக வெளியேறுகிறது. வண்டி விரைந்து செல்லும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கப் போதுமானது. நெரிசலில் நிற்கும்போதும் மலைப்பாதையில் மெல்ல ஏறும்போதும் அக்காற்று இல்லை. அப்போது விசிறி சுழலவேண்டும். சுழலாவிடின் நீர் கொதிக்கும். அலுமினியத்தாலான சிலிண்டர் ஹெட் வளைந்துபோகும். வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு அது சில வார வருமானத்தை இழக்கும் துன்பமாகும்.

இரு உலோகங்களின் கூட்டு

வெப்பநிலைச் சுவிட்சுகள் பலவற்றின் உள்ளே ஈருலோகத் தகடு ஒன்று உள்ளது. வெப்பத்தால் வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒன்றாகப் பிணைத்தால், சூடேறும்போது அத்தகடு ஒருபுறமாக வளையும். பித்தளை இரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும் என்பது இதற்குச் சான்று. 18 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜான் ஹாரிசன், கடற்பயணக் கடிகாரம் வெப்பத்தால் பிழைபடாதிருக்க இத்தத்துவத்தைக் கையாண்டார்.

குறித்த வெப்பநிலையில் தகடு சட்டென வளைந்து மின்முனைகளை இணைக்கும். 92 டிகிரி செல்சியசில் இணைக்கும் சுவிட்சு, நீர் 87 டிகிரிக்குக் குளிர்ந்த பின்னரே பிரிக்கும் எனக் கொள்வோம். இவ்விடைவெளி குறையன்று, தேவை. இரண்டும் ஒரே வெப்பநிலையில் நிகழுமாயின் விசிறி நொடிக்கொருமுறை இயங்கியும் நின்றும் விரைவில் பழுதாகும்.

தேர்வும் இடமும்

எஞ்சினில் ஒன்றுபோலத் தோன்றும் பித்தளை உறுப்புகள் சில இருக்கும். ஒன்று முகப்பிலுள்ள வெப்பமானிக்குச் செய்தி அனுப்பும். மற்றொன்று எஞ்சினின் கணினிக்கு அனுப்பும். இவை சூட்டிற்கேற்பத் தம் மின்தடையைப் படிப்படியாக மாற்றும் உணரிகள், சுவிட்சுகள் அல்ல. தோற்றத்தை நம்பி இவற்றில் விசிறியை இணைப்பவர் ஏமாற்றமடைவார்.

சுவிட்சு பொருந்தும் இடமும் கருதத்தக்கது. எஞ்சினை விட்டு வெளிவரும் நீர் சூடானது. ரேடியேட்டரைக் கடந்த நீர் அதைவிடக் குளிர்ந்தது. ஆகவே, ஓரிடத்திற்குரிய சுவிட்சு மற்றோரிடத்திற்குப் பொருந்தாது. எஞ்சினில் நீரோட்டத்தைத் திறக்கும் தெர்மோஸ்டாட் 88 டிகிரியில் திறக்குமாயின், அதனருகே 80 டிகிரியில் பிரியும் சுவிட்சைப் பொருத்தினால் எஞ்சின் ஓடும்வரை விசிறி நிற்காது. சுவிட்சின் முனை எப்போதும் நீரில் மூழ்கியிருத்தலும் வேண்டும். காற்றுக்குமிழ் சூழ்ந்த சுவிட்சு, கொதிக்கும் எஞ்சினையும் குளிர்ந்ததாகவே கருதும்.

சிறியது பெரியதை இயக்குதல்

12 வோல்ட் மின்னழுத்தத்தில் 20 ஆம்பியர் மின்னோட்டம் பெறும் விசிறியின் திறன் 240 வாட். இம்மின்னோட்டத்தை நேரடியாகத் தாங்கும் சுவிட்சுகளும் உள. எல்லாச் சுவிட்சுகளும் தாங்கா. எனவே, இடையில் ரிலே அமைக்கப்படுகிறது. ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சு. அதன் சுருளின் மின்தடை 80 ஓம் எனில், அதில் பாயும் மின்னோட்டம் 0.15 ஆம்பியர் மட்டுமே. வெப்பநிலைச் சுவிட்சு இச்சிறு மின்னோட்டத்தையே ஆளுகிறது. பெரிய மின்னோட்டத்தை ரிலே ஏற்கிறது.

ரிலேயின் முனைகளில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். மின்கலத்தின் நேர்முனையிலிருந்து உருகி வழியாக வரும் தடித்த கம்பி 30 ஆம் முனையில் இணையும். 87 ஆம் முனையிலிருந்து மின்சாரம் விசிறிக்குச் செல்லும். விசிறியின் மறுமுனை வண்டியின் உலோக உடலோடு இணையும். இதனைப் பட்டறையில் எர்த் என்பர். சுருளுக்குரிய 86 ஆம் முனைக்கு வண்டியின் சாவி வழியாக மின்சாரம் வரும். 85 ஆம் முனை வெப்பநிலைச் சுவிட்சின் வழியாக எர்த்தை அடையும்.

உருகியை மின்கலத்திற்கு அருகிலேயே வைத்தல் வேண்டும். கம்பி எங்கேனும் உராய்ந்து உடலைத் தொட்டால், உருகி தான் அறுந்து வண்டியைத் தீயிலிருந்து காக்கும். ஒற்றைக் கம்பிச் சுவிட்சு தன் திருகுமரை வழியாகவே எர்த்தைப் பெறுகிறது. கசிவைத் தடுக்க மரையில் மிகுதியாக நாடா சுற்றினால் அத்தொடர்பு அறுபடலாம்.

தெரிந்து தெளிவோம்

சுவிட்சை நீரில் தொங்கவிட்டு, வெப்பமானியும் மின்தடைமானியும் கொண்டு, அது இணையும் வெப்பநிலையைப் பொருத்துமுன்பே அறியலாம். ஆனால், ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் திறந்த பாத்திரத்து நீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 95 டிகிரியில் இணையும் சுவிட்சை அங்கு இவ்வாறு சோதிக்க இயலாது.

காத்தல்

சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் கூடாது. அழுத்தத்தில் அடங்கியிருக்கும் நீர், மூடி திறந்ததும் கொதித்துச் சீறும். சில வண்டிகளில் 86 ஆம் முனைக்கு மின்கலத்திலிருந்து நேரடியாக மின்சாரம் தரப்படும். அவற்றில் எஞ்சினை நிறுத்திய பின்னரும் விசிறி திடீரெனச் சுழலக்கூடும். ஆதலால், மின்கலத்தின் எதிர்முனை இணைப்பை நீக்கிய பின்னரே விசிறியருகே கைவைத்தல் வேண்டும்.

பணி முடிந்ததும் வண்டியை நிழலில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, முகப்பு வெப்பமானியை நோக்கிக் காத்திருப்பது நல்ல தொழிலாளியின் இயல்பு. முள் உயர்கிறது, விசிறி சுழல்கிறது, முள் தாழ்கிறது, விசிறி நிற்கிறது. இச்சுழற்சி இருமுறையேனும் நிகழக் கண்ட பின்னரே வண்டியை உரியவரிடம் ஒப்படைத்தல் தகும்.

கற்பவை கற்றபின்...

1. இணைக்கும் வெப்பநிலைக்கும் பிரிக்கும் வெப்பநிலைக்கும் இடைவெளி ஏன் தேவை என்பது குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.
2. உங்கள் ஊர்ப் பட்டறைக்குச் சென்று, தொழிலாளர் வழங்கும் கலைச்சொற்களைத் தொகுத்து, அவற்றிற்குரிய விளக்கங்களை எழுதுக.