காக்பிட்டில் மீட்டர் காணோமா?

ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸில் (2006) புது ஆட்-ஆன் விமானம் போட்டாச்சு. ஆனா ஏர்ஸ்பீடு மீட்டர் இடத்துல வெறும் ஓட்டை! வேகம் தெரியாம இறக்கினா ஸ்டால்தான். ரீஇன்ஸ்டால் பண்ண ஓடாதீங்க நண்பர்களே.

1. விமானத்தின் 'பேனல்' ஃபோல்டரில் உள்ள பேனல்.சிஎஃப்ஜி ஃபைலை பேக்கப் எடுத்துட்டு, நோட்பேடில் திறங்க. 'கேஜ்00=' போன்ற வரிகளில் ஆச்சரியக்குறிக்கு முன்னால் இருப்பது ஃபைல் பெயர்; பின்னால் இருப்பது கருவியின் பெயர்.

2. அந்தப் பெயரில் .காவ் அல்லது .கேப் ஃபைல், அதே ஃபோல்டரிலோ மெயின் 'கேஜஸ்' ஃபோல்டரிலோ இருக்கணும். இல்லைன்னா டவுன்லோட் பண்ண ஜிப்பில் தேடி காப்பி பண்ணுங்க.

3. ஃபைல் இருந்தும் தெரியலையா? முதல் தடவை வந்த பாதுகாப்புக் கேள்விக்கு 'நோ' அழுத்தியிருக்கலாம். எஃப்எஸ்எக்ஸ்.சிஎஃப்ஜியில் 'டிரஸ்டட்' பகுதியில் அந்த வரியை அழித்தால் மறுபடி கேட்கும். இப்போ 'யெஸ்' கொடுங்க.

ஒரு எச்சரிக்கை: பழைய 32-பிட் .காவ் ஃபைல், 64-பிட் சிமுலேட்டரில் ஓடவே ஓடாது.